ஐந்து ஈசிஜிகளும் ஒரு பஸ் பயணமும்: பேனிக் நோய் (திடீர்ப் பீதி நோய்) குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் 36 வயதுப் பெண். கணவர் எலக்ட்ரீஷியன், மகன் ஏழாம் வகுப்பு, உடன் மாமியார். புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு பார்த்துவந்தார். காலை 8 மணி வாக்கில் பஸ் ஏறினால் சுமார் 22 கி.மீ.; நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணி நேரப் பயணம். இதற்கு முன் மனநலச் சிகிச்சை எதுவும் எடுத்ததில்லை. அடையாளம் தெரியாதிருக்க, நோயின் போக்கோடு தொடர்பில்லாத சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபரில் அவருடைய அண்ணன் 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றவரை ‘கேஸ்தான்’ என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது, ஓராண்டாகவே இந்தப் பெண்ணுக்கு மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு. அதற்கு வைத்தியம் பார்க்கவில்லை. வலிக்கு மட்டும் கடையில் மெஃபனமிக் ஆசிட் வாங்கிப் போட்டுக்கொண்டார். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து, நாளுக்கு ஐந்தாறு டம்ளர் காபி குடிக்கும் பழக்கமும் இருந்தது.

முதல் தாக்கம்: ஜூன் 2024

பள்ளிகள் திறந்த வாரம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி பத்து நிமிடத்துக்கு மேல் நகரவில்லை. முதலில் இதயம் ‘டக்கென்று ஒருதரம் குதித்தது’ என்றார். அடுத்த சில நிமிடங்களில் படபடப்பு, மூச்சு முட்டல், உள்ளங்கை வியர்வை, விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு, சுற்றியிருப்பவர்கள் எங்கோ தூரத்தில் நிற்பது போன்ற உணர்வு. செத்துவிடுவோம் என்று உறுதியாக நம்பினார். முருங்கப்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்.

அங்கே எடுத்த அளவுகள்: நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 150/96, ஆக்சிஜன் 99 சதவீதம், சர்க்கரை 104. ஈசிஜியில் வேகத்தைத் தவிர வேறு குறையில்லை. இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்கப்பட்டது, இரண்டும் நார்மல். முதல்முறை நெஞ்சு அடைப்போடு வரும் ஒருவருக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகள் இவையே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிசகியது அதற்குப் பிறகு. ‘ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன், கொஞ்சம் கேஸ்’ என்று சொல்லி, வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் பதற்றம் தணிக்கும் அல்பிரஸோலம் 0.25 மி.கி. மாத்திரை ஐந்தும் எழுதி அனுப்பினார்கள். அண்ணன் எப்படி இறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘கேஸ்’ என்ற சொல் அங்கே வந்திருக்காது. அவர் மனதில் ஓடியது இதுதான்: ‘எங்கண்ணனுக்கும் கேஸ்னுதானே சொன்னாங்க.’

அடுத்த ஐந்து மாதங்கள்

ஜூன் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை அவசரப் பிரிவுக்கு நான்கு முறை, மொத்தம் ஐந்து ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில் பரிசோதனை. எல்லாம் நார்மல். ஒவ்வொரு முறையும் நிம்மதி இரண்டு நாள் நீடித்தது. பிறகு ‘அன்னைக்கு நார்மல், இன்னைக்கு?’ என்ற கேள்வி வந்துவிடும். இந்த நோயில் பரிசோதனை முடிவு தரும் ஆறுதலுக்கு ஆயுள் குறைவு. முடிவைக் காட்டி அனுப்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதே காலத்தில் அவருடைய நடமாட்டம் சுருங்கியது. ஜூலையில் நெரிசல் பஸ்ஸைத் தவிர்த்தார். ஆகஸ்டில் பஸ்ஸையே விட்டார். கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். கணவரின் வேலை கெட்டதால் அதுவும் நின்றது. செப்டம்பரில் சம்பளமில்லா விடுப்பு. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் போனவர், வரிசையில் நிற்க முடியாது என்று கொடிமரத்தோடு திரும்ப ஆரம்பித்தார். அக்டோபரில் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளித்தார். வெளியே முக்காலி போட்டு மகன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ‘டேய்’ என்பார், அவன் ‘ம்’ என்பான்.

கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், அல்பிரஸோலம் அட்டை, பல்ஸ் ஆக்சிமீட்டர். ஐந்து மாத்திரைக்கு எழுதிய சீட்டு ஐந்து மாதம் ஓடியது. முதலில் படபடப்பு வந்தால் ஒன்று. பிறகு வராமலிருக்க ஒன்று. அக்டோபரில் வேளைக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று, அதாவது 0.75 மி.கி. அல்பிரஸோலம் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் வேறு முயற்சிகளும் நடந்தன. மாமியார் மந்திரித்துத் தாயத்து கட்டினார். அது அவருக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது என்பதையும் பதிவு செய்கிறோம்.

மதிப்பீட்டில் தெரிந்தவை: நவம்பர் 2024

ஐந்தாவது ஈசிஜி எடுத்த பொது மருத்துவர்தான் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு எழுதி அனுப்பினார். முதல் சந்திப்பு 70 நிமிடம்.

கடந்த ஒரு மாதத்தில் 11 தாக்கங்கள். அவற்றில் நான்கு எந்தத் தூண்டுதலும் இல்லாமல், ஒன்று தூக்கத்திலிருந்து எழுப்பியது. எதுவும் 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்டால் ‘ஒரு மணி நேரம்’ என்பார். தாக்கத்தின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு வரும் களைப்பையும் நடுக்கத்தையும் சேர்த்து எண்ணுவதால் நேரம் நீள்கிறது. கணவரிடம் கடிகாரம் பார்த்து எழுதச் சொன்ன பிறகே சரியான கணக்கு கிடைத்தது.

ஒரு தடவை பேனிக் அட்டாக் வருவது நோயாகாது. வாழ்நாளில் ஒருமுறை வந்து போனவர்கள் நிறைய. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடி வருமோ’ என்ற கவலையோ அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பேனிக் நோய். இவருக்கு இரண்டும் இருந்தன. பஸ், கோயில் வரிசை, தனியாக வெளியே போவது ஆகியவற்றைத் தவிர்த்ததால் அகோராஃபோபியாவும் (உடனே வெளியேற முடியாத, உதவி கிடைக்காத இடங்களைக் குறித்த பயம்) சேர்ந்திருந்தது. பேனிக் நோய்த் தீவிர அளவுகோலில் 28-க்கு 19. மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 மதிப்பெண் 13. வேலைக்குப் போக முடியாதது, மகனைக் காவல் வைக்கும் வெட்கம், இரண்டும் அதில் தெரிந்தன. ‘செத்தா நல்லாருக்கும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டோம். ‘சாவுக்குப் பயந்துதான் இங்க வந்திருக்கேன்’ என்றார். அந்தப் பதிலோடு நிறுத்திவிடாமல் ஒவ்வொரு சந்திப்பிலும் திரும்பக் கேட்டோம். பேனிக்கோடு மனச்சோர்வு சேரும்போது சாவுப் பயமும் சாக வேண்டும் என்ற எண்ணமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு நார்மல். ஹீமோகுளோபின் 9.4, அதாவது ரத்தசோகை. ஐந்து மாதத்தில் ஐந்து ஈசிஜி எடுத்த இடங்களில் ஒன்றில்கூட ஹீமோகுளோபின் பார்த்த சீட்டு கோப்பில் இல்லை. ரத்தசோகை இருந்தால் படியேறினாலே இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும். பயந்திருக்கும் மனம் அதை எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டிவிடும். காபியும் வெறும் வயிறும் அதற்கு எண்ணெய் ஊற்றின. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்தோம், நிற்கும்போது இறங்கவில்லை. இது பின்னால் ஒரு முக்கியமான உரையாடலுக்குத் தேவைப்பட்டது.

அறுபது விநாடி

இரண்டாவது சந்திப்பில், நாற்காலியில் உட்காரவைத்து 60 விநாடி வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடச் சொன்னோம். இதய நோய், வலிப்பு, கர்ப்பம், கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. இவருக்கு எக்கோவும் டிரெட்மில்லும் ஏற்கெனவே நார்மல் என்பதால் தடையில்லை.

40-வது விநாடியில் விரல்களைப் பார்த்தார். 55-ல் நிறுத்திவிட்டு, ‘இதான். அன்னிக்குப் பாலத்துல வந்தது இதேதான்’ என்றார்.

விளக்கத்தை அங்கிருந்து தொடங்கினோம். பயத்தில் மூச்சு வேகமாகும்போது ஆக்சிஜன் குறைவதில்லை. அவருடைய ஆக்சிமீட்டரே 99 காட்டியது. குறைவது கரியமில வாயு. அது அளவுக்கு மீறி வெளியேறும்போது ரத்தம் காரத்தன்மை அடைகிறது. ரத்தத்தில் தனித்திருக்கும் கால்சியத்தின் அளவு இறங்குகிறது. விரலும் உதடும் மரமரக்கின்றன, சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது, சுற்றியுள்ளவை கனவுபோலத் தெரிகின்றன. நெஞ்சுக்கூட்டுத் தசைகள் ஓய்வில்லாமல் வேலை செய்வதால் நெஞ்சு வலிக்கிறது. ‘காற்று போதவில்லை’ என்று இன்னும் இழுப்பதால் இவை அனைத்தும் கூடுகின்றன. காகிதப் பையில் மூச்சுவிடும் பழைய வழியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதை வேண்டாம் என்றோம். வந்திருப்பது உண்மையிலேயே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ என்றால் பை ஆபத்தாகிவிடும்.

மயங்கி விழுவோம் என்ற பயத்துக்கும் பதில் இருந்தது. சாதாரண மயக்கம் ரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது. பேனிக்கில் அழுத்தம் ஏறுகிறது. முதல் நாள் சீட்டில் இருந்த 150/96-ஐ அவர் அதுவரை ‘பிபி வந்துடுச்சு’ என்பதற்கான சாட்சியாக வைத்திருந்தார். அதே எண் மயங்கி விழாததற்கான காரணமாக மாறியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இதயப் பரிசோதனைகளை நிறுத்துவது. ஆனால் ‘இனி ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்’ என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. எப்போது போக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தோம்: நடக்கும்போது வந்து, நின்றால் குறையும் நெஞ்சு வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, 20 நிமிடத்துக்கு மேல் தணியாத அழுத்தம், உண்மையிலேயே நினைவு தப்புவது, வழக்கமான தாக்கத்திலிருந்து வேறுபட்ட எதுவும். இவற்றில் ஒன்று வந்தால் யோசிக்காமல் 108.

இரண்டாவது, பேனிக்குக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் செர்ட்ரலைன் என்ற மருந்து. பேனிக் நோயில் இதைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் படபடப்பு கூடி, மாத்திரையே எதிரியாகிவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் 25 மி.கி. ஒரு வாரம், பிறகு 50 மி.கி. முதல் பத்து நாளில் வயிற்றுப்போக்கு, தூக்கக் குறைவு, படபடப்பு வரலாம் என்றும், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும் என்றும் கணவரையும் வைத்துக்கொண்டு சொன்னோம். நான்காம் நாள் நாங்களே போன் செய்தோம். ‘அதிகமாயிடுச்சுங்க, நிறுத்தப் போறேன்’ என்றார். சொன்னபடியே நடக்கிறது என்று நினைவூட்டியதும் தொடர்ந்தார். அந்த நான்காம் நாள் போன் இல்லாமல் போனால் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

செர்ட்ரலைன் போன்ற மருந்துகள் ரத்தப்போக்கைச் சற்றுக் கூட்டக்கூடும். மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பும் ஏறும். அதிக உதிரப்போக்கு உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை. வலிக்குப் பாராசிட்டமால் என்று மாற்றி, மகளிர் மருத்துவரிடம் அனுப்பி, இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பிறகே அளவை 50-க்கு ஏற்றினோம். இரும்பு மாத்திரையைக் காபியோடு போட்டால் உடலில் சரியாகச் சேராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. காபியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், அது புதுப் பயத்தைக் கிளப்பும். மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து இரண்டில் நிறுத்தினோம்.

மூன்றாவது, அல்பிரஸோலத்தை உடனே நிறுத்தாமல் இருப்பது. ஐந்து மாதம் தொடர்ந்து எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு பலமடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். செர்ட்ரலைன் பிடிக்கும் வரை, நாளுக்கு மூன்று வேளையும் கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். படபடப்பைப் பார்த்துப் போடக் கூடாது.

நான்காவது, 12 அமர்வுகள் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. உடலின் சாதாரண அசைவை ஆபத்து என்று தவறாகப் படிப்பதுதான் பேனிக்கின் மையம் என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் முன்வைத்த மாதிரியின் அடிப்படையில் அமைந்தது. உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சிகள் இதில் முதுகெலும்பு: ஒரு நிமிட வேக மூச்சு, சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, மூக்கை அடைத்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியே இரண்டு நிமிடம் மூச்சுவிடுவது, ஒரு நிமிடம் படியேறி ஓடுவது. கடைசி ஒன்றை மட்டும் ஹீமோகுளோபின் ஏறும்வரை தள்ளிவைத்தோம்.

தாயத்தைக் கழற்றச் சொல்லலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. பாட்டிலும் மாத்திரை அட்டையும் போல அதுவும் ஒரு துணைதானே என்பது ஒரு தரப்பு. கேட்டிருந்தால் மாமியாரின் ஒத்துழைப்பை இழந்திருப்போம். தொடவில்லை.

புயல் வாரம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரோடு பெண்ணையாறு கரை புரண்டது. இரண்டு வாரம் அமர்வு நடக்கவில்லை. முதல் கவலை அல்பிரஸோலம் தீர்ந்துவிடுமோ என்பது. பத்து நாள் மாத்திரை கையிருப்பு வைக்கச் சொல்லியிருந்ததால் தப்பித்தோம். எங்களைப் பிடிக்க முடியாவிட்டால் அழைக்க, 24 மணி நேரமும் இயங்கும் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கொடுத்திருந்தோம்.

டிசம்பர் 11 அன்று வந்தபோது அவர் சொன்னது யாரும் எதிர்பாராதது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை, கணவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றி, மாமியாரைக் கைப்பிடித்து மாடி வீட்டுக்குக் கொண்டுபோய், சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வைத்ததெல்லாம் அவர்தான். ‘நெஞ்சு அடிச்சுதா?’ என்று கேட்டோம். ‘அடிச்சுது. யாருக்குத்தான் அடிக்காது?’

அந்த இரண்டு நாளில் ஒரு தாக்கம்கூட இல்லை. இது அபூர்வமல்ல. உண்மையான ஆபத்தில் படபடப்புக்குக் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. கைக்கு வேலை இருக்கிறது. இதயத்தைக் கவனித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பாலத்தில் நின்ற பஸ்ஸில் காரணம் வெளியே தெரியாததால் தேடல் உடம்புக்குள் போனது. அடுத்த மூன்று அமர்வுகளும் இந்த ஒப்பீட்டைச் சுற்றியே நடந்தன. நாங்கள் தயாரித்து வைத்திருந்த வரைபடங்கள் தேவைப்படவில்லை.

பஸ் பயிற்சி: முதலில் தவறியது

பயத்தை 0 முதல் 100 வரை அவரே மதிப்பிட்டு ஏணி போட்டோம். தாழ் போட்டுக் குளிப்பது, 30. மஞ்சக்குப்பம் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பஸ்களைப் போகவிடுவது, 30. ஆல்பேட்டை வரை, 45. புதுச்சேரி எல்லையில் முள்ளோடை வரை, 55. கிருமாம்பாக்கம், 65. தவளக்குப்பம், 75. மதிய நேரத்தில் புதுச்சேரி வரை, 90. காலை 8 மணி பஸ்ஸில் நின்றுகொண்டு, பாட்டிலும் அட்டையும் இல்லாமல், 100.

ஒவ்வொரு படிக்கு முன்னும் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். ‘கிருமாம்பாக்கம் போறதுக்குள்ள மயங்கி விழுவேன், 90 சதவீதம்’ என்பது ஒரு பதிவு. எதிரே: ‘விழல. பக்கத்துல ஒரு அம்மா முறுக்கு குடுத்தாங்க.’

ஜனவரி நடுவில் கிருமாம்பாக்கம் வரை ஆறு முறை போய்வந்திருந்தார். ஆனால் பயத்தின் எண் 60-க்குக் கீழே இறங்கவே இல்லை. எங்கே சிக்கல் என்று துருவியபோது இப்படி வந்தது:

‘தனியாத்தானே போனீங்க?’

‘தனியாத்தாங்க மேடம். அவரு பின்னாலயே வண்டில வந்தாரு.’

ஆறு பயணத்திலும் கணவர் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் வந்திருக்கிறார். ஜன்னல் வழியே ஹெல்மெட் தெரிந்தால் நிம்மதி. ஆக, அவர் கற்றுக்கொண்டது ‘பஸ்ஸில் ஆபத்தில்லை’ என்பதை அல்ல. ‘அவர் பின்னால் வந்தால் ஆபத்தில்லை’ என்பதை. கணவர் மீது தப்பில்லை. ஐந்து மாதம் அவசரப் பிரிவுக்கு அலைந்தவர் வேறென்ன செய்வார்? தப்பு எங்களுடையது. அவரை மருந்து விளக்கத்துக்கு மட்டும் உட்காரவைத்து, பயிற்சியின் உள்ளர்த்தத்தைச் சொல்லாமல் விட்டோம்.

இன்னொரு ஓட்டையும் அதே நாளில் வெளிவந்தது. முதல் அமர்வில் நாங்கள் கற்றுக்கொடுத்த மெதுவான மூச்சுப் பயிற்சி, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, அவர் கையில் புது மாத்திரை ஆகியிருந்தது. பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணாவிட்டால் செத்துவிடுவோம் என்ற நம்பிக்கை அப்படியே இருந்தது.

ஏணியை முள்ளோடையிலிருந்து மறுபடி தொடங்கினோம். கணவர் வீட்டில், போன் பைக்குள், மூச்சை எண்ணக் கூடாது. படபடப்பு வந்தால் வரட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே கடைப் பெயர்களைப் படிக்காமல், மனதைத் திருப்பாமல், அதையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முதல் மூன்று பயணம் கடினம், எண் 80-க்கு ஏறியது. பிப்ரவரி இரண்டாம் வாரம் தவளக்குப்பத்தில் 35. மாத இறுதியில் அரியாங்குப்பம் பாலத்தைக் கடந்தார். அன்றும் நெரிசல், 12 நிமிடம் நின்றது.

மாத்திரையைக் குறைத்த விதம்

டிசம்பர் 23-ல் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மாத்திரை, அதாவது 0.125 மி.கி. குறைப்பு: 0.625, 0.5, 0.375, 0.25, 0.125, பிறகு நிறுத்தம். முதலில் குறைத்தது மதிய வேளை. கடைசியாக விட்டது இரவு வேளை. 0.25-க்கு வந்தபோது தூக்கம் கெட்டது, இரண்டு நாள் கை நடுங்கியது. நோய் திரும்பிவிட்டது என்று பயந்தார். மருந்து விடுபடும் அறிகுறி குறைத்த சில நாளில் வந்து தானே தணியும். நோய் திரும்புவதானால் போகப்போகக் கூடும். வேறுபாட்டைச் சொல்லி, அதே அளவில் இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு வாரம் நிறுத்திவைத்தோம். மேலே ஏற்றவில்லை. மார்ச் 17, 2025-ல் முழுமையாக நின்றது. கைப்பையில் இருந்த காலி அட்டையை எடுத்துப் போட மேலும் மூன்று வாரம் ஆனது.

விளைவு

மே 2025-ல், ஆறு மாத முடிவில், பேனிக் அளவுகோலில் 5, பிஎச்க்யூ-9-ல் 4, ஹீமோகுளோபின் 11.8. மார்ச் முதல் அரை நாள் வேலை, ஏப்ரலில் முழு நேரம். கடை முதலாளியிடம் ‘ரத்தம் கம்மி, அதான் லீவு’ என்று சொல்லியிருக்கிறார். பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. அதை அவர் விருப்பத்துக்கே விட்டோம்.

ஏப்ரலில் ஒரு தாக்கம் வந்தது. பஸ்ஸில் அல்ல, கடையில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது. ஏழு நிமிடம். நாற்காலியிலிருந்து எழவில்லை. பத்தாவது நிமிடம் விட்ட வரியிலிருந்து கூட்டலைத் தொடர்ந்ததாகச் சொன்னார். சிகிச்சையின் வெற்றியைத் தாக்கம் வராததை வைத்து அளப்பதைவிட இதை வைத்து அளப்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

குறையாகச் சொல்ல இரண்டு உண்டு. செர்ட்ரலைனால் தாம்பத்திய ஆர்வம் குறைந்ததை நாங்கள் கேட்ட பிறகே, நான்காம் மாதத்தில் சொன்னார். முன்பே கேட்டிருக்க வேண்டும். அண்ணனின் இறப்புக்கான துக்கத்தை நேரடியாகப் பேசியது இரண்டு அமர்வுதான்; போதாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மெதுமூச்சுப் பயிற்சியை முதல் நாளே கொடுப்பதை நிறுத்திவிட்டோம். உடல் உணர்வுப் பயிற்சியில் நம்பிக்கை வந்த பிறகு, பொதுவான ஓய்வுக்கு என்றால் மட்டும். துணையாக வருபவருக்கு இப்போது ஒரு முழு அமர்வு. ‘நீங்கள் செய்யும் எந்த உதவி இல்லாவிட்டால் அவர் கிளம்ப மாட்டார்?’ என்பது அதில் கட்டாயக் கேள்வி. படபடப்பு என்று வரும் பெண்களுக்கு முதல் சீட்டிலேயே ஹீமோகுளோபின், தைராய்டு, மாதவிடாய் விவரம்.

அவசரப் பிரிவு மருத்துவர்களுடன் பேசியபோது நாங்கள் கேட்டது ஐந்தே நிமிடம். பரிசோதனைகள் நார்மல் என்று உறுதியான பின், ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பதில் சொல்லக்கூடியது: ‘உங்களுக்கு வந்தது நிஜம். இதன் பெயர் பேனிக் அட்டாக். மூச்சு வேகமானதால்தான் கை மரத்தது. மறுபடி வரலாம், வந்தால் சில நிமிடத்தில் இறங்கும். இரண்டாவது முறை வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.’ அதோடு குடும்பத்தில் யாராவது சமீபத்தில் இதயக் கோளாறால் இறந்தார்களா என்ற ஒரு கேள்வி. அல்பிரஸோலம் எழுதியே ஆக வேண்டுமென்றால் எத்தனை மாத்திரை, எந்தத் தேதியோடு முடிகிறது என்று சீட்டிலேயே எழுத வேண்டும்.

செர்ட்ரலைன் 50 மி.கி. தொடர்கிறது. நலமான பிறகும் ஓராண்டாவது எடுத்து, பிறகு படிப்படியாகக் குறைக்கும் திட்டம். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒரு சந்திப்பு. மே மாதச் சந்திப்புக்கு ஈசிஜி கோப்பு முழுவதையும் கொண்டுவந்து, எரித்துவிடலாமா என்று கேட்டார். கடைசி ஈசிஜியையும் எக்கோ அறிக்கையையும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். என்றாவது உண்மையிலேயே நெஞ்சு வலி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். மற்ற நான்கையும் மகன் கணக்குப் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டான், பின்பக்கம் வெறுந்தாள்.